தலைவர் பேசினால் இருமல் நிற்கும்

முதலில் ஓர் இருமல். கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல் அடித்தொண்டையிலிருந்து கிரீச்சிட்டு வரும் வறட்டு இருமல். யாரோ, "விடுதி விஷயத்துல நாம கொஞ்சம் பொறுமையா..." என்று இழுத்தார்கள். மறுபடியும் இருமல். அப்போது தலைவரின் குரல் எழுந்தது. இருமல் நின்றது. தலைவர் முழங்கினார், முழங்கி முடித்தார். வேறு யாரோ வாயைத் திறந்ததும் இருமல் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

திருப்புளி கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினாள். திருப்புளி என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கொண்டையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளியை, அதாவது ஸ்க்ரூடிரைவரை, செருகி வைத்திருப்பாள். மூடியுள்ள எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். அதனால் தெருவில் உள்ளவர்கள் வைத்த பெயர் அது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த தன் துப்பறியும் அலுவலகப் பலகையிலும் அதையே எழுதிவிட்டாள்.

"தலைவர் பேசினா இருமல் நிக்குது. ஏன் மாமா?"

அவளுக்குத் தாய்மாமா ஒருவர் உண்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மாமி வேலை வைக்கிறாள் என்று இங்கே உதவியாளராக வந்து உட்கார்ந்துவிட்டார். பழைய விசில் இன்னும் அவர் சாவிக்கொத்தில் தொங்கியது.

"இதுல என்ன மருமகளே அதிசயம்? என் வண்டியில செக்கர் ஏறினா, குறட்டை விடறவன்கூட டிக்கெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு எழுந்துப்பான். பயம்தான்."

"பயத்துல பேச்சு நிக்கும். இருமல் நிக்குமா?"

"நிக்காது. அடக்கினா வேற வழியா வந்துடும்."

எதிரே உட்கார்ந்திருந்த இளம்பெண் சிரிக்கவில்லை. அவள் தேசிய மாணவர் ஒன்றியத்தின் துணைத் தலைவி. கண்களில் தூக்கமில்லை, தொண்டையில் குரலும் இல்லை. பேசினால் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் வந்தது.

ஒன்றியம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. நாட்டிலுள்ள கல்லூரிகளில் மாணவர்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பிரதிநிதிகள் எல்லாரும் சேர்ந்தது பொதுக்குழு. பொதுக்குழு தன்னிலிருந்து நிர்வாகக் குழுவையும் தலைவரையும் தேர்ந்தெடுக்கிறது. பார்த்தால் சல்லடை மேல் சல்லடை வைத்துச் சலிப்பது போன்ற நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தச் சல்லடையில் மணி கீழே விழுந்துவிடுகிறது, மேலே நிற்பது உமி. படிக்கிறவன் பரீட்சைக்குப் போய்விடுவான். பரீட்சைக்குப் போகாதவன் தலைவராவான்.

"பூட்டின அறையில நடந்த நிர்வாகக் குழுக் கூட்டம் அக்கா," என்றாள் துணைத் தலைவி. "மாணவர் விடுதிகளைத் தனியாருக்குக் கொடுக்கப்போறாங்க. அதுக்கு என்ன செய்யறதுன்னு பேசினோம். அங்க பேசினதை வெளிய விட்டா உறுப்பினர் பதவியே போயிடும், அது விதி. இப்ப இந்தப் பதிவு ஊர் முழுக்க எல்லார் ஃபோன்லயும் ஓடுது. தலைவர்தான் வேலைநிறுத்தம்னு கர்ஜிச்சாராம். அவருக்கு மாலை. பதிவை வெளிய விட்டது நானாம். எனக்குக் கல்தா."

"உன்மேல ஏன் சந்தேகம்?"

"கூட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் ஃபோனை வாசல்ல கூடையில போட்டுட்டு உள்ள வரணும். எங்க அக்காவுக்குப் பிரசவ வலி. அதனால நான் மட்டும் நடுவுல போய் என் ஃபோனை எடுத்துட்டு வந்து முன்னாடி வெச்சுக்கிட்டேன். அறைக்குள்ள இருந்தது அந்த ஒரு ஃபோன்தான்."

"என்ன குழந்தை?" என்றார் கண்டக்டர் மாமா.

"பையன்."

"நல்லது. அரை டிக்கெட்கூட வேணாம் இப்போதைக்கு. மேல சொல்லும்மா."

"இன்னொண்ணும் சொல்றாங்க. பதிவு முழுக்க என் குரலே இல்ல. எப்பவும் வாய் ஓயாதவ அன்னிக்கு ஊமையா இருந்தான்னா, பதிவு நல்லா விழணும்னுதான் இருந்திருக்கான்னு." அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் பேசினேன். இந்தத் தொண்டையைப் பாருங்க. வேலைநிறுத்தம்னு முதல்ல சொன்னதே நான்தான். நான் வாயைத் திறந்தா அவரும் ஆரம்பிச்சுடுவார். அவர் பேசப் பேச எழுந்து நின்னு கத்தினேன். இதுல ஒரு துளிகூட இல்ல. இன்னிக்குச் சாயங்காலம் பொதுக்குழு கூடுது. என்னை நீக்கிட்டா அடுத்த தலைவர் தேர்தல்ல நிக்க முடியாது. அவரை எதிர்த்து நிக்க வேற ஆளும் இல்ல."

"வெட்டி ஒட்டியிருப்பாங்க," என்றார் மாமா.

திருப்புளி தலையை ஆட்டினாள். "வெட்டினா அவர் பேச்சும் சேர்ந்து வெட்டுப்படணும் மாமா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தியிருக்காங்க. சோத்துல கலந்த உப்பை எப்படித் தனியா பொறுக்குவீங்க? அவர் வாக்கியம் ஒண்ணுகூட உடையல, அருவி மாதிரி கொட்டுது. ஆனா அதே நேரத்துல கத்தின இவ குரல் இல்ல, இருமினவர் இருமலும் இல்ல." கொண்டையிலிருந்து திருப்புளியை உருவி மேஜைமேல் சுழலவிட்டாள். அவளுக்கு எதுவும் பிடிபடாதபோது செய்கிற காரியம் அது.

"இருமினவரும் இவளும் ஒரே படியில தொங்கறாங்க," என்றார் மாமா. "ஒருத்தர் எங்க இறங்கினார்னு தெரிஞ்சா மத்தவரும் அங்கதான்."

"அப்போ இருமலைப் பிடிப்போம். யாரோடது?"

"பொருளாளரோடது," என்றாள் துணைத் தலைவி.

*

ஒன்றியத்தின் தலைமையகத்துக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தலைவரின் முகம் ஒட்டிய சுவர்களைப் பார்த்துக்கொண்டே போனால் போதும், முகம் பெரிதாகிக்கொண்டே வரும். வாசலில் இருந்த படத்தில் பல் ஒவ்வொன்றும் ஜன்னல் அளவு இருந்தது. முற்றத்தில் சக்கரம் வைத்த ஒலிபெருக்கி ஒன்று நின்றது. பென்டிரைவைச் செருகிவிட்டு இழுத்துக்கொண்டு ஊர்வலம் போகிற வகை. அதில் அந்தப் பதிவே ஓடிக்கொண்டிருந்தது. ரகசியத்தை வெளியே விட்டவரைத் தண்டிக்கப் போகிற ஒன்றியம், அந்த ரகசியத்தை முற்றத்தில் வைத்து முழங்கவிட்டிருந்தது. இதில் இருந்த முரண் அங்கே யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

தலைவரின் அறையில் அவர் நடுவிலும் பொருளாளர் ஓரத்திலும் இருந்தார்கள். தலைவர் ஒரு பட்டயப் படிப்பு முடிவதற்குள் அடுத்ததில் சேர்ந்து, அது முடிவதற்குள் இன்னொன்றில் சேர்ந்து, மாணவராகவே நரைத்தவர். நரையை மை மறைத்தது. மையைக் காதோரம் வேர்வை காட்டிக்கொடுத்தது.

"உங்களுக்கு என்ன வயசு தம்பி?" என்றார் கண்டக்டர் மாமா, உண்மையான அக்கறையோடு.

"மாணவனுக்கு வயசு கிடையாது பெரியவரே. உணர்வுதான்."

"பஸ் பாஸ்லயும் அப்படித்தான் எழுதியிருக்கீங்களா?"

தலைவருக்குக் கிண்டல் புரிவதற்குள் திருப்புளி குறுக்கிட்டாள். "துணைத் தலைவி சார்பா வந்திருக்கேன். அன்னிக்குக் கூட்டத்துல அவங்க பேசினாங்களா?"

"பதிவைக் கேளுங்க மேடம். அதுல இருக்கா?"

"பதிவை விடுங்க. உங்க காதுக்குக் கேட்டுச்சா?"

தலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் கூரையைப் பார்த்தார். "பதிவுல இல்லாததை நான் எப்படிக் கேட்டிருக்க முடியும்?" என்றார் தலைவர்.

ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு பெண் தொண்டை கிழியக் கத்தியதைக் காதால் கேட்ட நிர்வாகக் குழுவில், ஒருவருக்குக்கூட அது நினைவில்லை. மாணவர்களின் குரலாக இருப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இவர்கள்.

"சரி, உங்க இருமலைப் பத்திச் சொல்லுங்க," என்றாள் திருப்புளி பொருளாளரிடம்.

பொருளாளர் திடுக்கிட்டார். தலைவர் மலர்ந்துவிட்டார். "நல்லாக் கவனிச்சிருக்கீங்க மேடம்! இவருக்குத் தீராத இருமல். எந்த டாக்டராலயும் நிறுத்த முடியல. ஆனா நான் பேசும்போது மட்டும் அடக்கிக்குவார். அதுக்குப் பேர்தான் கட்டுப்பாடு."

"ஆமா தலைவரே..." என்று தொடங்கிய பொருளாளருக்கு வாளி கிணற்றில் இறங்கியது. இருமினார்.

"இந்த இயக்கத்தை நான் எடுத்தப்போ இது வெறும் கூட்டம் மேடம்," என்றார் தலைவர். பொருளாளர் இருமினார். "இன்னிக்கு இது ராணுவம்." பொருளாளர் மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினார். "நான் வாயைத் திறந்தா ஈ, காக்காகூடச் சத்தம் போடாது." பொருளாளர் கண்ணில் நீர் வழிய இருமினார்.

கண்டக்டர் மாமா மருமகளின் காதருகே குனிந்தார். "ராணுவத்துல ஒருத்தருக்குச் சளி."

திருப்புளியின் முகத்தில் ஓர் ஒளி தோன்றி மறைந்தது. பதிவில் நின்ற இருமல் இங்கே நிற்கவில்லை. தலைவர் பேசப் பேச இருமிக்கொண்டே இருந்தது. அப்படியானால் நின்றது மனிதரின் தொண்டையில் அல்ல. தொண்டைக்கும் பதிவுக்கும் நடுவில் எங்கோ.

"கூட்டம் நடந்த இடத்தைப் பார்க்கலாமா?"

"தாராளமா! நாடாளுமன்றத்துக்கு நிகரா அமைச்சிருக்கேன்." தலைவர் சட்டைக்குள் கையைவிட்டுக் கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்தார். நுனியில் ஒரு சின்னச் சாவி. "என் இருக்கை, என் மேஜை, என் மைக்பெட்டி. நான் இல்லாதப்ப பெருக்கற அம்மாகூட அதைத் தொட முடியாது. பெட்டிக்கு இந்தச் சாவி ஒண்ணுதான். நான் பதவிக்கு வந்ததிலிருந்து இது என் கழுத்தை விட்டு இறங்கினதில்ல."

"குளிக்கும்போதும்?" என்றார் மாமா.

"குளிக்கும்போதும்!" என்றார் பொருளாளர் பெருமையோடு.

*

கூட்ட அறையில் முட்டை வடிவில் ஒரு பெரிய மேஜை. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னும் கையளவுப் பெட்டி, அதிலிருந்து தூண்டில் போல் வளைந்து நிற்கும் மைக். இந்த மைக்குக்கு ஒரு குணம் உண்டு. அதற்குக் காது குறுகல். எதிரே உள்ள வாய் பேசுவது நன்றாகக் கேட்கும், மேஜையின் மறுமுனையில் நடப்பது கேட்காது. அதனால்தான் ஆளுக்கொன்று வைக்கிறார்கள். எல்லா மைக்கிலிருந்தும் கம்பிகள் மேஜைக்கடியில் போய்ச் சேருகிற இடம் தலைவரின் பெட்டி. அது மற்றவற்றைவிடப் பெரியது, பூட்டுப் போட்ட மூடி உள்ளது.

துணைத் தலைவியின் இடம் ஒரு கோடி. பொருளாளரின் இடம் அதற்குப் பக்கத்தில். திருப்புளி துணைத் தலைவியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் கைப்பேசியில் புதிதாக ஓர் ஒலிப்பதிவைத் தொடங்கி, அன்று அந்தப் பெண் வைத்த இடத்திலேயே வைத்தாள். பொருளாளர் தன் மைக்கைப் போட்டுக்கொண்டார். அதன் கழுத்தில் சிவப்பு வளையம் எரிந்தது. போட்டால் அணைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. தலைவர் தன் மூடியைத் திறந்தார்.

"மாமா, அங்க உட்கார்ந்து ஏதாவது பேசுங்க. மைக் எப்படின்னு பார்க்கணும்."

மாமாவுக்கு இது போதும். மைக்கைப் போட்டார். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க, நடுவுல இடம் காலியா இருக்கு, அம்மா அந்தப் பையனை மடியில வெச்சுக்குங்க, சில்லறையா எடுத்து வெச்சுக்குங்க..." அறை முழுவதும் ஓர் ஓட்டை பஸ் ஓடத் தொடங்கியது. பொருளாளர் இருமினார். அந்த இருமலும் சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியில் வந்தது.

தலைவரால் தாங்க முடியவில்லை. தன் அறையில், தன் மேஜையில், தன் எதிரில் வேறொருவன் பேசுகிறான். அவருடைய வலதுகை, மூக்கில் உட்கார்ந்த ஈயைத் தட்டுவதுபோல் யோசிக்காமல் நகர்ந்து, பெட்டியில் ஓரிடத்தை அழுத்தியது. "போதும் பெரியவரே, மைக் நல்லாத்தான் இருக்கு, இது வெளிநாட்டுத் தயாரிப்பு..." என்று பேச ஆரம்பித்தார்.

ஒலிபெருக்கியில் பஸ் நின்றது. மாமாவின் வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வெறும் குரல், மைக் இல்லாத குரல், மேஜையின் கோடியிலிருந்து நன்றாகவே கேட்டது: "முன்னாடி இறங்குங்க, முன்னாடி இறங்குங்க." பொருளாளரின் இருமலும் நேராகக் கேட்டது. ஆனால் அவர் மைக்கின் சிவப்பு வளையம் அணைந்திருந்தது. தலைவர் கையை எடுத்ததும் அது தானாக மறுபடி எரிந்தது.

திருப்புளி எழுந்து தலைவரின் பின்னால் போய் நின்றாள். "அழகான பெட்டி. உள்ள எட்டிப் பார்க்கலாமா?" கொண்டையை நோக்கிக் கை போனது.

தலைவர் மூடியைச் சட்டென்று சாத்தினார். "அது தலைமைக்கு மட்டும்." ஆனால் சாத்துவதற்கு முன் இடுக்கில் பச்சையாக ஏதோ மினுக்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

வெளியே வந்ததும் மாமா, "என்ன மருமகளே, இருமல் எங்க இறங்கிச்சு?" என்றார்.

"தெரிஞ்சுபோச்சு. ஆனா சாயங்காலம் வரைக்கும் சொல்லமாட்டேன். சொன்னா நீங்க டிக்கெட்டுக்குப் பின்னாடி அச்சடிச்சு விட்டுடுவீங்க. ஒரு வேலை மட்டும் செய்யுங்க. முற்றத்துல நிக்குதே அந்தச் சக்கர ஒலிபெருக்கி, அது சாயங்காலம் கூட்ட அறை வாசல்ல நிக்கணும்."

"திருடச் சொல்றியா?"

"தள்ளச் சொல்றேன்."

*

மாலையில் அதே அறை நிரம்பி வழிந்தது. மேஜையைச் சுற்றி நிர்வாகக் குழு, சுவரோரமாகப் பொதுக்குழுப் பிரதிநிதிகள். வாசலில் கூடை நிறையக் கைப்பேசிகள். குற்றம் சாட்டப்பட்டவர் தன் சார்பில் பேச ஒருவரை அழைத்துவரலாம் என்று ஒன்றியத்தின் விதி சொன்னது. அந்த விதியை எழுதியவர்கள் பழைய காலத்தவர்கள் போலும். திருப்புளி உறுப்பினர் அல்ல என்பதால் அவள் கைப்பேசியை யாரும் கேட்கவில்லை.

தலைவர் எல்லாரும் உட்காரும் வரை வாசலில் காத்திருந்து, பிறகு உள்ளே வந்தார். கைதட்டல். சங்கிலியை உருவி, சாவியைக் காட்டி, மூடியைத் திறந்து உட்கார்ந்தார். மறுபடி கைதட்டல். ஒரு பெட்டியைத் திறந்ததற்குக் கைதட்டு வாங்கும் மனிதரை அங்கே கூடியிருந்த யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை.

"துரோகம்," என்று ஆரம்பித்தார் தலைவர். "நான் உங்களுக்காக அறைக்குள்ள ரத்தம் கொதிக்கப் பேசினதை, என் அனுமதி இல்லாம உலகத்துக்கே காட்டிட்டாங்க. மக்கள் என்னைக் கொண்டாடறாங்க. அது வேற விஷயம். விதி விதிதான். துணைத் தலைவி ஏதாவது சொல்லணுமா?"

துணைத் தலைவி மைக்கைப் போட்டாள். "அந்தக் கூட்டத்துல வேலைநிறுத்தம்னு முதல்ல..."

மைக் செத்தது. "நேரம் இல்ல, சுருக்கமா சொல்லுங்க," என்றது தலைவரின் குரல் அறையெங்கும். அவள் அந்தப் புண்பட்ட தொண்டையால் பேசிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் அது கேட்டது. அவர்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பொருளாளர் நிறுத்தாமல் இருமினார்.

"அடுத்து அவங்க சார்பா வந்தவங்க."

திருப்புளி, "இந்தப் பதிவை எது பண்ணுச்சுன்னு..." என்றாள். செத்தது.

"சரி, பேசியாச்சு. வாக்கெடுப்பு. துணைத் தலைவியை நீக்கச் சம்மதிக்கிறவங்க கையை..."

கைகள் எழத் தொடங்கின. மேஜையின் கோடியிலிருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது வாசலில் விசில் அடித்தது.

வாழ்நாளெல்லாம் நிற்காத வண்டிகளை நிறுத்திப் பழகிய விசில் அது. பாதி எழுந்த கைகள் அந்தரத்தில் நின்றன. இந்த விசிலை அடைக்க எந்தப் பெட்டியிலும் பொத்தான் இல்லை.

"வண்டி நிக்கட்டும்!" என்றார் கண்டக்டர் மாமா. "ஒருத்தர் டிக்கெட் எடுக்கல."

அதற்குள் திருப்புளி மேஜையைச் சுற்றி நடந்து தலைவரிடம் போனாள். அவர் இரண்டு கையாலும் பெட்டியை மறைத்தார். சோற்றுத்தட்டைப் பறிக்க வருகிறவர்களிடமிருந்து பிள்ளைகள் மறைப்பதுபோல் இருந்தது. அவள் கைகளுக்கிடையே விரலைவிட்டு எதையோ உருவி உயர்த்திக் காட்டினாள்.

ஒரு பென்டிரைவ். கடந்த தேர்தலில் ஒன்றியம் எல்லாருக்கும் வழங்கிய வகை. அதன்மேல் தலைவரின் முகம் அச்சாகியிருந்தது. அதன் நுனியில் பச்சை விளக்கு இப்போதுதான் அணைந்தது.

"உள்ளேயும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கார்," என்றார் மாமா.

"இந்தப் பெட்டி, மைக் வழியா வர்றதை இதுல எழுதிக்கிட்டே இருக்கு," என்றாள் திருப்புளி. "அன்னிக்குக் கூட்டத்தையும் எழுதுச்சு. இந்த நிமிஷத்தையும் எழுதிக்கிட்டிருந்துச்சு."

தலைவரின் காதோரம் மை கசிந்தது. "அது... அது எல்லார்கிட்டயும் இருக்கற பென்டிரைவ்! நான் இல்லாதப்ப யார் வேணா திறந்து சொருகியிருக்கலாம். துணைத் தலைவியே சொருகியிருக்கலாம். ஏன், பூட்டு என்ன பெரிய பூட்டா?"

பொருளாளரால் இதைப் பொறுக்க முடியவில்லை. தலைவரின் பாதுகாப்பு ஏற்பாட்டைத் தலைவரே குறைத்துப் பேசுகிறாரே! எழுந்து நின்று, இருமலுக்கிடையே, தலைவரின் மானத்தைக் காப்பாற்றினார். "அப்படிச் சொல்லாதீங்க தலைவரே! யாராலயும் திறக்க முடியாது! ஒரே சாவி! உங்க கழுத்தை விட்டு இறங்கினதே இல்ல! குளிக்கும்போதுகூட!"

பொருளாளர் கைதட்டலுக்காகச் சுற்றிலும் பார்த்தார்.

வாசலில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. மாமா சக்கர ஒலிபெருக்கியைத் தள்ளிக்கொண்டு வந்து, திருப்புளியிடமிருந்து பென்டிரைவை வாங்கிச் செருகினார். சற்றுமுன் நடந்த கூட்டம் ஓடியது. பொருளாளரின் இருமல். துணைத் தலைவியின் குரல்: "அந்தக் கூட்டத்துல வேலைநிறுத்தம்னு முதல்ல..." அங்கேயே அறுந்தது. "நேரம் இல்ல, சுருக்கமா சொல்லுங்க" என்ற தலைவரின் குரல் கண்ணாடிபோல் துல்லியமாக வந்தது. அதன் அடியில் இருமல் இல்லை, பெண்ணின் குரல் இல்லை, எதுவுமே இல்லை. அவள் பேசிக்கொண்டே இருந்ததையும் பொருளாளர் இருமிக்கொண்டே இருந்ததையும் எல்லாரும் சற்றுமுன் நேரில் பார்த்திருந்தார்கள்.

பிறகு திருப்புளி தன் கைப்பேசியை உயர்த்தினாள். அதில் மத்தியானத்துப் பதிவு. தலைவர் "வெளிநாட்டுத் தயாரிப்பு" என்று பேசுகிறார், அதே நேரத்தில் "முன்னாடி இறங்குங்க" என்கிறது மாமாவின் குரல், அதற்குள் இருமல். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, சந்தைபோல்.

நீக்குவதற்காக எழுந்த கைகள் இப்போது தலையைச் சொறிந்தன, காலரைச் சரிசெய்தன, மின்விசிறியைச் சுட்டிக்காட்டின. சிறிது நேரத்தில் அதே கைகள் துணைத் தலைவிக்காகத் தட்டத் தொடங்கின. அவள் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொள்ளவில்லை. தட்டியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு மைக் இல்லாமல், கிடைத்த குரலில், "வாக்கெடுப்பை முடிங்க," என்றாள். "என்னை நீக்கறதுக்கு யாரெல்லாம் கை தூக்கறீங்கன்னு நான் பார்க்கணும்."

ஒரு கையும் எழவில்லை. பொருளாளர் மட்டும் பழக்கதோஷத்தில் தூக்கி, தலைவர் தலைகுனிந்திருப்பதைப் பார்த்து, பாதியில் வாயைப் பொத்தி இருமினார்.

"எதுக்காக இப்படிச் செஞ்சார்?" என்று சுவரோரமிருந்து ஒருத்தி கேட்டாள்.

"தன் பேச்சைத் தானே திரும்பத் திரும்பக் கேட்க முதல்ல எழுதி வெச்சிருப்பார்," என்றாள் திருப்புளி. "கேட்டுப் பார்த்தா, தான் பேசற இடத்துல எல்லாம் தன்னைத் தவிர வேற யாருமே இல்ல. இவ சொன்ன வேலைநிறுத்தமும் இவர் சொன்னதாவே விழுந்திருக்கு. வெளிய விட்டா மாலை இவருக்கு, பழி இவளுக்கு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

பின்வரிசையில் மெலிந்த பிரதிநிதி ஒருவன் எழுந்தான். "எல்லாம் சரி. தலைவர் பேசினா இருமல் எப்படி நின்னுச்சு? அது எனக்கு இன்னும் விளங்கல."

திருப்புளி அவனைப் பார்த்துச் சிரித்தாள். விளங்கவில்லை என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான். பெட்டியிலிருந்த பெரிய பொத்தானில் விரலை வைத்து அழுத்தினாள். தலைவருடையது தவிர, மேஜையைச் சுற்றி எரிந்த சிவப்பு வளையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன.

"இருமல் நிக்கல. இந்தப் பொத்தானை அழுத்தினா மத்த மைக் எல்லாம் அடைபடும், தலைவர் மைக் மட்டும் திறந்திருக்கும். பெட்டி மைக்கில வர்றதை மட்டும்தான் எழுதும். அதனால அவர் பேசினப்ப இருமலும் இந்தப் பொண்ணு குரலும் அதுல விழல. ஃபோன்ல எடுத்திருந்தா ரெண்டும் விழுந்திருக்கும். ஆக, பதிவு பண்ணினது ஃபோன் இல்ல, இந்தப் பெட்டி. பெட்டிக்குச் சாவி ஒண்ணு. அது அதோ அவர் கழுத்துல தொங்குது."